விடலைச் சேவலை வந்த அன்றே பேடுகளுக்குள் விடாதீர்கள்

நாலு மாத விடலைச் சேவலை வாங்கிவந்த கையோடு பழைய பேடுகளுக்குள் விட்டால், மறுநாள் விடிய அது கூட்டு மூலையில் தலையைச் செருகிக்கொண்டு நிற்கும். கொண்டைப் பூவின் நுனியில் இரத்தம் கறுத்துக் காய்ந்திருக்கும். சேவல்தானே, சமாளிக்கும் என்று விடுகிறார்கள். ஆனால் யார் முதலில் தின்பது, யார் எந்தக் கட்டையில் படுப்பது என்பதைப் பேடுகள் முன்னமே தீர்த்து வைத்திருக்கும். புதிதாக வரும் விடலை கடைசி ஆள்தான்.

முதல் மூன்று கிழமை வளவின் மறுகரையில் தனியாக வையுங்கள். பழைய கோழிகளுக்குத் தீன் வைத்த பிறகே அதனிடம் போக வேண்டும். திரும்பும்போது கையையும் செருப்பையும் கழுவுங்கள். பச்சையாகக் கழிகிறதா, தும்முகிறதா, கண்ணில் நுரை கட்டுகிறதா என்று பாருங்கள். செட்டைக்கு அடியிலும் எச்சமிடும் இடத்தைச் சுற்றியும் பேன், செள் தேடுங்கள். இராணிக்கெற் என்ற கொள்ளைநோய்க்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டதா தெரியாவிட்டால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு இந்த நாட்களுக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.

அதன்பிறகு விடலையை வைக்க, கூட்டோடு ஒட்டி, ஆறடி நீளம் நாலடி அகலத்தில் ஓர் அடைப்பு. இதில் காசு பார்க்காதீர்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையை நாய் பிய்த்துவிடும். கண் பெரிதென்றால் கீரியும் பாம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள, ஒட்டிய கம்பிவலைதான் வேண்டும். கீழ்விளிம்பை வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்ணுக்குள் புதையுங்கள். தோண்டுகிற மிருகம் அதில் முட்டி நின்றுவிடும். வன்னி வெயிலுக்கு வெறும் தகரக் கூரை அடுப்பு மாதிரி, மேலே கிடுகு போடுங்கள். மாரியில் நிலத்தில் நாலு அங்குலத்துக்கு உமி பரப்பி, நனைந்து கட்டிபட்டதை அன்றன்றே அள்ளுங்கள். ஈரம் நின்றால் இரத்தக் கழிச்சல் வரும்.

வலையின் இரு பக்கமும் தீனையும் தண்ணீரையும் நேருக்கு நேர் வையுங்கள். பக்கத்தில் நின்று தின்னத் தின்னத்தான் பகை குறையும். பத்துப் பதினாலு நாள் தேவை. முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்பு அதிகம், அது வளரும் சேவலின் சிறுநீரகத்துக்குக் கூடாது. சேர்த்து விட்ட பிறகு எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீன் போட்டு, பேடுகளுக்குச் சிப்பித்தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் சரி.

இரவில் கட்டையில் ஏற்றிவிட்டால் விடியும்போது பழகிவிடும் என்ற பேச்சை நாங்கள் ஏற்பதில்லை. விடிந்ததும் பூட்டிய கூட்டுக்குள் ஓட இடமில்லாமல் கொத்து வாங்கும். பொழுதுபட ஒரு மணித்தியாலம் இருக்கையில், வளவில் எல்லாம் மேயும்போது அடைப்பைத் திறவுங்கள். தீன்சட்டியும் தண்ணீரும் இரண்டிரண்டு, ஆறடியாவது தள்ளி. படுக்கும் கட்டைகள் ஒரே உயரத்தில், கோழிக்குப் பத்து அங்குலம். கூட்டில் முட்டுமூலை இருந்தால் பலகை சாத்தி அடையுங்கள்.

துரத்துவதும் ஒன்றிரண்டு கொத்தும் இருக்கத்தான் செய்யும். இரத்தம் கண்டால் மட்டும் உடனே பிரியுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். உப்புத்தண்ணீரால் கழுவி மஞ்சள் பூசி, அதே வலை அடைப்புக்குள் விடுங்கள். தூரத்தில் மறைத்து வைத்தால் பேடுகள் அதை மறந்துபோய், முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

வீட்டில் பெரிய சேவல் இருந்தால் கணக்கு வேறு. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடு வேண்டும். அதைவிடக் குறைந்தால் பேடுகளின் முதுகு மயிர் உதிர்ந்து தோல் தெரியும். இரண்டையும் வைத்திருப்பதானால் தனித்தனிக் கூடு போட்டு, இடைவலையில் இரண்டடி உயரத்துக்குக் கிடுகு கட்டுங்கள். முகம் தெரிந்தால் வலையூடாகவே மோதிக் கால்முள்ளை உடைத்துக்கொள்ளும்.

நெல்மணியொன்றைக் கண்டதும் விடலை தானே விழுங்காமல், கொத்திக் கீழே போட்டு, கொக் கொக்கென்று கூப்பிடும். பேடுகள் ஓடிவந்து தின்னத் தொடங்கிய நாளில் அடைப்பைக் கழற்றிவிடலாம்.