கண்மாய் நத்தை வளர்ப்பு: ஐப்பசி முதல் பங்குனி வரை

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்ததும் அங்கிருந்து சில நத்தைகளைக் கொண்டுவந்து வளர்க்க ஆரம்பித்தேன். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழும் மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் பழக்கம் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதையே கண்ணாடித் தொட்டியில் முக்கால் பாகம் ஊற்றினேன். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பயம் இதில் கிடையாது. அடியில் ஆற்று மணல், கொஞ்சம் வேலம்பாசி, அவ்வளவுதான்.

வந்தவை இரண்டு வகை. ஒன்று, பச்சை கலந்த பழுப்பு ஓடுள்ள பெரிய ஆப்பிள் நத்தை, அதாவது பைலா. இன்னொன்று கூம்பு ஓடுள்ள சின்ன நத்தை. சின்னது அடியிலேயே கிடந்தது. பெரியது மட்டும் அடிக்கடி கண்ணாடியில் ஏறி மேலே வந்தது. "ஏன்டா, தண்ணிக்குள்ளேயே கிடக்கிற உசுரு எதுக்கு மேல வந்து வந்து போகுது?" என்று அப்பத்தா கேட்டார். அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

சின்ன நத்தைக்கு இருப்பது செவுள் மட்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே அதற்குப் போதும், போதவும் வேண்டும். பைலாவுக்கு ஓட்டுக்குள் வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல் என்று இரண்டும் உண்டு. மேலே வந்ததும் கழுத்தின் இடப்பக்கத் தோல் மடிப்பைச் சுருட்டிக் குழாயாக்கி நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டுகிறது. பிறகு உடம்பை உள்ளே இழுத்தும் வெளியே தள்ளியும் காற்றை உறிஞ்சுகிறது. துருத்தி ஊதுவதைப் போலவே இருக்கும். முடிந்ததும் குழாயைச் சுருக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதனால் தொட்டியை விளிம்புவரை நிரப்பவே கூடாது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடமாவது வேண்டும். மூடி இல்லாமலும் இருக்கக் கூடாது, இரவில் ஏறி வெளியே போய்விடும்.

மாசியில் வெயில் ஏற ஏற மேலே வருவதும் கூடியது. காரணம் நேரடியானது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நுரையீரல் இருப்பதால் பைலா சமாளித்துவிடுகிறது, செவுளை மட்டும் நம்பிய சின்னதுக்குத்தான் ஆபத்து. தொட்டியைப் பட்டாலை நிழலுக்கு மாற்றி, மீன் கடையில் விற்கும் சின்ன ஏர் பம்ப் ஒன்றையும் போட்டேன்.

சுண்ணாம்புச் சத்துதான் இந்த ஊரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. மழைத்தண்ணீரில் அது இல்லை என்றே சொல்லலாம், நம் செம்புறாங்கல் மண்ணிலும் குறைவு. தை மாதத்தில் சில ஓடுகளின் நுனி வெளுத்து அரிப்புக் காணத் தொடங்கியது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை (கணவாய் ஓடு) வாங்கிப் போட்டேன், காயவைத்துப் பொடித்த முட்டை ஓட்டையும் தூவினேன். அரித்த இடம் பழையபடி ஆகாது, ஆனால் அதற்குப் பின் வாய்ப்பக்கம் வளர்ந்த ஓடு பளபளப்பாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி நத்தையைக் கொன்றுவிடும்.

தோட்டத்து நத்தை ஒன்றையும் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். அதற்குச் செவுளே இல்லை. ஓட்டின் விளிம்பை ஒட்டி வலப்பக்கம் ஒரு துளை மெதுவாகத் திறந்து மூடும், அதுதான் மூச்சு வழி. உள்ளே நுரையீரல் சுவர் ஈரமாக இருந்தால்தான் காற்று ரத்தத்தில் சேரும். காற்று உள்ளே போகத் துளை திறந்தால் ஈரமும் அதே வழியில் போகும், அதனால்தான் வறட்சியில் நத்தைகள் ஒடுங்கிவிடுகின்றன. இந்த டப்பாவில் ஈரமான தென்னைநார்த் தூள், முருங்கைக் கீரை, வெள்ளரித் துண்டு. தண்ணீர் தேங்கவிடுவதில்லை, தேங்கினால் மூழ்கிச் சாகும். உப்பு பட்ட சாப்பாடு எதுவும் கூடாது. உப்பு உடம்பின் நீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

பங்குனியில் சில பைலாக்களை மண்சட்டியில் கண்மாய்ச் சேற்றோடு வைத்து, சேற்றைத் தானாகக் காயவிட்டேன். அவை உள்ளே புதைந்து, சுண்ணாம்பாலான கெட்டி மூடியால் வாயை அடைத்துக்கொண்டன. கண்மாய் வற்றினாலும் அடுத்த மழைவரை அவை தாக்குப்பிடிப்பது இப்படித்தான். செத்துவிட்டது என்று நினைத்து யாரும் மூடியை நெம்ப வேண்டாம். செத்திருந்தால் மூடி தளர்ந்து ஆடும், நாற்றம் ஊரைக் கூட்டும். இப்போது வாரம் ஒருமுறை சட்டியை மோந்து பார்க்கிறேன், நாற்றம் இல்லை. முதல் கோடை மழைக்கே எழுப்புவதா, ஐப்பசிவரை விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள். எலியிடமிருந்து நத்தைக்கு வரும் ஒருவகை நுண்புழு மனித மூளைவரை போகக்கூடியது.