எண்ணெய் அடர்த்தியா, கெட்டியா?

ஏழாம் வகுப்பில் அடர்த்திப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம், தண்ணீர், தேங்காய் எண்ணெய் இரண்டில் எதற்கு அடர்த்தி அதிகம் என்று முதலில் கேட்டுவிடுவேன். பெரும்பாலானோர் எண்ணெய் என்றே சொல்வார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. அடர்த்தியான கூந்தல், அடர்ந்த காடு என்று வீட்டில் புழங்கும் சொல்லையே நாம் அறிவியலுக்கும் எடுத்துக்கொண்டிருப்பதால், மெதுவாக வழிந்து கையில் பிசுபிசுக்கும் எண்ணெய் அவர்களுக்கு அடர்த்தியாகத்தான் தோன்றும்.

வரையறையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் இந்தக் குழப்பம் தீராது என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது. இப்போது மேசையில் தராசை வைத்துவிடுகிறேன். காலிக் குவளையின் எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் (ஒருமுறை இதை மறந்து, தண்ணீரின் அடர்த்தி 1.6 என்று நானே விடை எழுதியதும் உண்டு), 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 100 கிராம் இருக்கிறது, அதே கோடு வரை ஊற்றிய தேங்காய் எண்ணெயோ 92 கிராம்தான். தேன் 140 கிராமை ஒட்டி வரும். கெட்டியாக வழிவது பாகுநிலை, குறிப்பிட்ட கனஅளவுக்குள் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி என்று அப்போது சொன்னால் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது.

சென்ற ஆண்டு இதைச் செய்துகொண்டிருந்தபோது, விவசாயக் குடும்பத்து மாணவி ஒருத்தி, தன் தாத்தா விதைநெல்லை முட்டை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார் என்றாள். மறுநாளே ஒரு வாளியில் செய்து பார்த்தோம். நல்ல தண்ணீரில் மூழ்கிக் கிடந்த முட்டை, உப்பைக் கரைக்கக் கரைக்க அசைந்து, நிமிர்ந்து, மேலே வந்து, பழைய நாலணா அளவுக்கு ஓட்டை வெளியே காட்டியது. வெறும் தண்ணீரில் பதர் மட்டுமே மிதக்கும், அரைகுறையாக மணி பிடித்த நெல் மூழ்கி நம்மை ஏமாற்றிவிடும். உப்புக்கரைசலின் அடர்த்தி கூடுதல் என்பதால் அதுவும் மேலே வந்துவிடுகிறது, நன்கு முற்றிய நெல் மட்டுமே அடியில் தங்குகிறது. அடர்த்தி என்ற சொல்லையே அறியாமல், முட்டையை அளவுகோலாக்கி அதை அளந்திருக்கிறார்கள்!

மிதந்ததை அள்ளி எடுத்ததும் பாடம் முடிந்தது என்று நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அந்த மாணவி மட்டும், அடியில் தங்கிய நெல்லை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலச வேண்டும், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.