அப்பாவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: ரங்கூன் நாட்குறிப்பு

நவம்பர் 8, 2025, சனி

அப்பாவின் மடிக்கணினிக்குப் பன்னிரண்டு வயதாகிறது. 4 ஜிபி ரேம். பேட்டரி செத்துப் பல மாதம் ஆயிற்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான புதுப்பிப்புகள் அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இதில் இல்லை. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் 22.2 என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுவதென்று முடிவு செய்தேன். ஏறத்தாழ 3 ஜிபி கோப்பு. மின்வெட்டால் பதிவிறக்கம் இருமுறை அறுந்தது. முடிந்தபின், கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் ஷா256 எண்ணை ஒப்பிட்டால் பொருந்தவில்லை. மறுபடியும் முதலிலிருந்து இறக்கினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார்த்தேன். திரை, ஒலி, தொடுபலகை எல்லாம் சரி. வைஃபை மட்டும் தெரியவில்லை. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்ததும், வைஃபையை இயக்க வேண்டிய டிரைவர் மென்பொருளை மின்டே காட்டியது. அப்பாவின் கோப்புகள் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பேட்டரி இல்லாத கணினியில், வட்டைப் பிரித்து எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் வேலை பாழாகும். அதனால் விடியற்காலை கரண்ட் வந்த உடனே மின்டை நிறுவத் தொடங்கி, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்ததும் அப்பா தம் பெயரைத் தட்டிப் பார்த்தார். ஆனால் கோயில் அன்னதானக் கணக்கைத் திறந்தபோது முகம் வாடிவிட்டது; பர்மிய எழுத்துகள் எல்லாம் சிதறிக் கிடந்தன. அவை ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில் தட்டியவை. மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய கோப்புகள் அப்படியே நின்றுவிட்டன.

தமிழர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாம் 'கெ' என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் நின்றாலும், யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு பின்னாலும் பதிவாகின்றன. பர்மிய 'ஏ' குறியும் அவ்வாறே. ஸாஜியோ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முன்னால் வைத்துப் பதிந்துவிடும். யூனிகோடு முறையில் இல்லாத நம் பழைய பாமினி எழுத்துருவும் அப்படித்தான்.

லிப்ரே ஆபீஸில் ஒவ்வொரு கோப்பையும் வெறும் உரையாகச் சேமித்து, ஐசியு என்ற யூனிகோடு மென்பொருள் தொகுப்பின் 'யூகான்வ்' என்ற எழுத்து மாற்றும் கட்டளைக்குக் கொடுத்தேன். ஸாஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் விதி அதிலேயே இருக்கிறது. ஏற்கெனவே யூனிகோடில் இருப்பதை அதில் விட்டால் கெட்டுப்போகும் என்பதால், 2019-க்குப் பிந்தியவற்றை முதலில் தனியே ஒதுக்கினேன்.

முதலில் 2014-ஆம் ஆண்டுக் கணக்கு சீராக வந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நன்கொடை தந்தவர்களின் பர்மியப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். 2016 வரை மாற்றியாயிற்று. மீதியை நாளைக் காலை, கரண்ட் வந்ததும் தொடர வேண்டும்.