மாவுக்கட்டு பிரித்த பிறகு

பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பலரையும் போல அம்மாவும் குருசடைத் தீவுப் பக்கம் முப்பது வருடம் மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடற்பாசி எடுத்தவள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, அலை மோதும் பாறைகளில் நின்றவள். அவள் விழுந்தது வீட்டுக் குழாயடியில். விடிகாலை நாலரைக்குத் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு, படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்து ஓடியிருக்கிறாள். கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. வயது 64.

"கடல்ல வழுக்காத காலு வாசல்ல வழுக்கிருச்சே" என்று அன்று முழுக்கப் புலம்பினாள்.

மாவுக்கட்டுப் போட்ட இடத்தில் "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று சொன்னதோடு சரி. மறுநாள் ராத்திரியே விரல்கள் வீங்கி, மரத்துப்போய், நகங்கள் நீலமாகிவிட்டன. வலி தாங்காமல் அழுதாள். கட்டு போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றாள் சித்தி. அண்ணன் அதைக் காதில் வாங்காமல், அந்த நேரத்திலேயே வண்டி பிடித்து ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே கட்டைப் பிளந்து தளர்த்தினார்கள். இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தித் தசையையே கெடுத்துவிடும், இப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது என்றார் அங்கிருந்த டாக்டர். கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலாக வைக்கவும், விரல், முழங்கை, தோள் மூன்றையும் தினமும் அசைக்கவும் சொல்லிக்கொடுத்தார். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

கட்டைப் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். டாக்டர்தான் விடவில்லை. மாடியிலிருந்து விழவில்லை, வண்டியில் அடிபடவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்த முறை இடுப்பு எலும்பாக இருக்கலாம் என்றார். அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. எலும்பு அடர்த்தியைப் பார்த்தோம், குறைவுதான். வைட்டமின் டி-யும் குறைவு. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் எப்படி என்று கேட்டேன். கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அம்மா வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறாள்.

எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். கூடவே காலையில் கேழ்வரகுக் கூழ் (100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது), மதியம் முள்ளோடு மெல்லும் நெத்திலி. கருவாடு வேண்டாம், ரத்தக் கொதிப்புக்கு உப்பு ஆகாது.

அப்புறம், ஏன் விழுந்தாள் என்ற கேள்வி. படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்றதும் ஒரு முறை பிரஷர் பார்த்தார்கள். படுத்திருந்தபோது 138, நின்றபோது 112. மூன்று நிமிடத்துக்குள் 20 இறங்கினாலே தலை கிறுகிறுக்குமாம். பிரஷர் மாத்திரையின் அளவை டாக்டரே மாற்றினார். நாமாக நிறுத்திவிடக் கூடாது. இப்போது அம்மா எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் காலை ஊன்றுகிறாள். தண்ணீரை அண்ணன் பிடிக்கிறான்.

குழாயடியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சொரசொரப்பாகச் சிமெண்டு பூசினோம். வாசலில் கிடந்த வலையும் நைலான் கயிறும் கொட்டகைக்குப் போய்விட்டன. கழிவறையில் முதலில் இரும்புக் கைப்பிடிதான் வைத்தோம். எங்கள் உப்புக்காற்றில் சீக்கிரமே திருகாணி அரித்து ஆட ஆரம்பித்தது. ஆடுகிற பிடி இல்லாத பிடியைவிட ஆபத்து. கழற்றிவிட்டு எவர்சில்வர் குழாய் மாட்டினோம்.

இதையெல்லாம்விடக் கஷ்டம் பயம்தான். மறுபடி விழுந்துவிடுவோமோ என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டாள். நடக்காமல் இருந்தால் தொடை வலுவிழக்கும், வலுவிழந்தால் மறுபடி விழத்தான் செய்வாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். வந்த பெண், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். முதல் நாள் அம்மாவால் மூன்றுதான் முடிந்தது. கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நான் எண்ண எண்ண, நேற்று எட்டு.

இடது கண்ணில் புரை இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் போகிறோம்.