கால் டிக்கெட்

பேருந்தில் குழந்தைகளுக்கு அரை டிக்கெட். எனக்குக் கால் டிக்கெட். இதைச் சொன்னால் அலுவலகத்தில் எல்லாரும் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பார்கள், சிரிக்கலாமா கூடாதா என்று. தாராளமாகச் சிரிக்கலாம். இடது காலில் போலியோ வந்தபோது எனக்கு இரண்டு வயது. இப்போது 44. இத்தனை வருடத்தில் அந்தக் காலை வைத்து நானே எத்தனையோ ஜோக் அடித்துவிட்டேன்.

போன வாரம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், கக்கத்தில் கட்டை. நடத்துநர் வந்தார். பையன் முழுக் காசையும் எண்ணிக் கொடுத்து டிக்கெட் வாங்கினான். மாற்றுத்திறனாளி அட்டை இல்லையாப்பா என்று கேட்டேன். பர்ஸைத் திறந்து காட்டினான், உள்ளேயே இருக்கிறது. "சலுகை இருக்குன்னு தெரியும்க்கா. கேக்கத்தான் ஒரு மாதிரி இருக்கு" என்றான்.

அந்த ஒரு மாதிரி எனக்கு நன்றாகவே தெரியும். அவனுக்குப் பஸ்ஸில் சொன்னது பாதி, சொல்லாமல் விட்டது பாதி. எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பஸ்ஸிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் வெளியூர் போக நமக்கு 75 சதவீதச் சலுகை உண்டு, நாம் கொடுப்பது கால் பங்கு. கூட வரும் துணையாளர் ஒருவருக்கும் அதேதான். தனியார் பேருந்தில் இந்தப் பேச்சே கிடையாது. டவுன் பஸ்ஸில், சாதாரணக் கட்டண வண்டிகளில், 2021-இல் பெண்களுக்கு இலவசம் வந்தபோது மாற்றுத்திறனாளிகளையும் துணைக்கு வருபவரையும் சேர்த்தார்கள். நான் பெண்ணாகவே இலவசம்தான். ஆனால் என்னோடு ஏறினால் என் தம்பிக்கும் இலவசம். அவன் அதில் அடையும் சந்தோஷத்தைப் பார்த்தால் விமான டிக்கெட் கிடைத்த மாதிரி இருக்கும்.

வெளியூர் பஸ்ஸுக்கு அசல் அட்டையைக் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் நடத்துநர்கள் ஒரு ஜெராக்ஸும் வாங்கிக்கொள்வார்கள். அதனால் என் கைப்பையில் எப்போதும் பத்துக் காப்பி இருக்கும். தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணன் நான் படியேறும்போதே அட்டைக்குக் கை நீட்டிவிடுவார். எத்தனை காப்பி என்று கேட்பதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. என்னுடையது பழைய அட்டை, புத்தகம் மாதிரி மடிப்பது. அதில் இன்னும் 'ஊனமுற்றோர்' என்றே இருக்கிறது. துறையின் பெயரை 2010-இல் மாற்றுத் திறனாளிகள் நலத் துறை என்று மாற்றினார்கள். என் அட்டைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு முறை ஒரு நடத்துநர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்தா அப்படித் தெரியலையேம்மா" என்றார். நான் உட்கார்ந்திருந்தேன். புடவை கணுக்காலுக்குக் கீழே வரை இருந்தது. புடவையை நாலு விரல்கடை தூக்கி, காலைத் தாங்க மாட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தை, அதாவது கேலிப்பரை, ஊன்றுகோலால் ஒரு தட்டுத் தட்டினேன். டங். முன் சீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜெயித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் அன்று ஊர் போய்ச் சேரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் என் முறையை மாற்றிக்கொண்டேன். நடத்துநர் இரண்டு சீட் தள்ளி வரும்போதே அட்டை, ஜெராக்ஸ், சரியான சில்லறை மூன்றையும் ஒரே கையில் பிடித்து நீட்டி, ஊரைச் சொல்லி "கால் டிக்கெட்" என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். கெஞ்சுகிற குரலில் கேட்டால்தான் சந்தேகப்படுகிறார்கள். அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

ரயில் கதை இன்னும் வேடிக்கை. கை கால் பாதிப்புள்ளவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசி எல்லாவற்றிலும் 75 சதவீதம் குறைவு. இரண்டாம் வகுப்பு ஏசி, முதல் வகுப்பு ஏசி என்றால் 50. துணைக்கு வருபவருக்கும் அதே கணக்கு. குறைவது அடிப்படைக் கட்டணம் மட்டும். முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் முழுசாகத்தான் வரும், அதனால் டிக்கெட்டைப் பார்த்து 'கணக்கு இடிக்கிறதே' என்று பதற வேண்டாம். தட்கலில் சலுகை இல்லை.

ஆனால் கை கால் பாதிப்பு என்றால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ரயில்வேக்கான சான்றிதழ் தனிப் படிவம். அதில் அரசு மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டிய வாசகம், இவர் துணையாளர் இல்லாமல் பயணம் செய்ய இயலாதவர் என்பது. எனக்கு அப்போது 34 வயது. அரை நாள் லீவு போட்டு, காலையில் பஸ் பிடித்து, அரசு மருத்துவமனை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று உள்ளே போனேன். டாக்டர் காலைப் பார்த்தார், எக்ஸ்ரே பார்த்தார், எழுதப் பேனாவைத் திறந்தார். அப்புறம் நிமிர்ந்து, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்றார்.

"யாரும் வரலை சார். தனியாத்தான் வந்தேன்."

பேனாவை மூடிவிட்டார். "தனியா வந்து நிக்கிறீங்க. தனியாப் போக முடியாதுன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?"

அவர் சொன்னதில் பிழையே கிடையாது. அதுதான் கொடுமை. தனியாகப் போய்ப் பழகியது என் குற்றமாகிவிட்டது. அடுத்த வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது வேலை இல்லாத காலம். அவன் செய்ததெல்லாம் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்று செல்போன் பார்த்ததுதான். டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். திரும்பி வரும்போது டீக்கடையில் தம்பி சொன்னான், "அக்கா, இன்னைக்கு நான் இல்லேன்னா நீ என்ன பண்ணிருப்பே?"

அந்தச் சான்றிதழை வைத்து ரயில்வேயில் தனியாக ஓர் அடையாள அட்டை வாங்கினேன். அந்த எண்ணை ஐஆர்சிடிசி தளத்தில் கொடுத்தால் வீட்டிலிருந்தே சலுகை டிக்கெட் எடுக்கலாம். அட்டை வந்ததும் சொந்தக்காரர்களுக்கு என் மேல் திடீர்ப் பாசம் வந்தது. கல்யாணமோ திருப்பதியோ, எனக்குத் துணையாக வர ஆள் க்யூவில் நின்றது. வருடத்தில் ஒரு தடவை எட்டிப் பார்க்காத சித்தப்பா, "பிள்ளையத் தனியாவா அனுப்புவீங்க?" என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனார். சென்னை போனதும் அவர் மட்டும் நாலு நாள் கழித்துத் தனியாகத் திரும்புவாராம், அதற்கும் சலுகை டிக்கெட் போட முடியுமா என்று கேட்டார். முடியாது சித்தப்பா, நான் இல்லாமல் நீங்கள் முழு டிக்கெட்.

நிஜமாகவே லாபம் அடைந்தது அம்மாதான். 58 வயது தாண்டிய பெண்களுக்கு ரயிலில் இருந்த 50 சதவீதச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். நமக்கு இருந்ததை நிறுத்தவில்லை. ஆக, அம்மா தன் வயசுக்குக் கிடைத்த ஐம்பதை இழந்து, என் காலால் எழுபத்தைந்தைப் பெற்றுக்கொண்டாள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தில் படுத்துக்கொண்டு, "எல்லாம் உன் புண்ணியம்" என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

வருமான வரி என் பிழைப்பு. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், வரி போடும் முன் வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. நாமே மாற்றுத்திறனாளி என்றால் பிரிவு 80யு, வீட்டில் நம்மை நம்பி இருப்பவர் என்றால் 80டிடி என்றுதான் எங்களுக்குப் பழக்கம். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, அதனால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தக் கழிவு. எவ்வளவு செலவு செய்தோம் என்று பில் காட்ட வேண்டியதில்லை. சான்றிதழ் இருந்தால் போதும், அப்படியே முழுத் தொகையும் கழியும்.

எங்களிடம் வருகிற ஒரு வியாபாரி பல வருடமாக வரி கட்டுகிறார். அவருக்கு மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் இருக்கிறான் என்று வேறு ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த முறை வந்தபோது, எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "பெரியவளுக்கு வரன் பாக்கிறோம்மா. அதெல்லாம் எந்தப் பேப்பர்லயும் வர வேண்டாம்" என்றார். பேப்பர் வரி அலுவலகத்துக்குத்தான் போகும், சம்பந்தி வீட்டுக்குப் போகாது என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிந்து நாலாவது மாதம் வந்தார். துணிப்பைக்குள் ஒரு மஞ்சள் பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய சான்றிதழ். பையனுக்குப் பதினாறு வயது. பாதிப்பு 90 சதவீதம். வருடத்துக்கு 1,25,000 என்று எத்தனை வருடம் விட்டிருக்கிறார் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், வாயைத் திறக்கவில்லை. இந்தப் பாதிப்புக்குப் பத்து-ஐஏ என்று ஒரு படிவமும் மருத்துவரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குக் கட்டணம் இல்லை. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5, இந்த இரண்டும் 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் வந்தவை. வருவாய்த் துறை தரும் மாத ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனது, கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000. சம்பளம் வாங்குகிற எனக்கு இரண்டும் கிடையாது, நியாயம்தான். அரசு தரும் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு எழுதிப் போட்டேன். நான் கேட்டபோது இரண்டு காலும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு கால் நன்றாக இருந்து தொலைத்தது. கடன் வாங்கி நானே ஒரு வண்டி வாங்கி, மெக்கானிக்கிடம் சக்கரம் மாட்டிக்கொண்டேன். அப்புறம், நம்மைக் கல்யாணம் செய்துகொள்பவருக்கு 8 கிராம் தங்கமும், படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாயும் தரும் திட்டம் இருக்கிறது. அத்தை இதை எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும் ஞாபகப்படுத்துவாள், ஏதோ நகைக்கடை ஆஃபர் மாதிரி.

பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இப்போது யுடிஐடி அட்டை, நாடு முழுவதற்கும் பொதுவான மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பழைய புத்தக அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் சீக்கிரம் வாங்கிவிடுங்கள்.

எனக்குக் கிடைத்ததில் மிகவும் பிடித்த சலுகைக்கு மட்டும் யாரும் அட்டை கேட்கவில்லை. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மரத்தில் ஒரு பாதை போட்டார்கள். சக்கர நாற்காலிகூட அலை வரை போகலாம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரி செய்தார்கள். நான் போனது அதற்கப்புறம். அதுவரை எனக்குக் கடல் என்றால் சாலையோரம் நின்று பார்ப்பதுதான். மணலில் இறங்கினால் ஊன்றுகோல் ஒரு சாண் உள்ளே போய்விடும், பிடுங்கி எடுப்பதற்குள் கேலிப்பர் பூட்டுக்குள் மணல் நிறைந்துவிடும். அன்று பலகையின் கடைசி வரை டக் டக்கென்று நடந்து போனேன். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் இறங்கிவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலின் செருப்பை மட்டும் கழற்றினேன்.

என் ரயில்வே சான்றிதழ் பத்து வருடத்துக்கானது. அடுத்த மாதம் முடிகிறது. 35 வயது தாண்டியவர்களுக்கு ஆயுளுக்கும் ஒரே சான்றிதழ் என்பதால் இந்த ஒரு தடவை வாங்கினால் போதும். ஆனால் தம்பி இப்போது திருப்பூரில், சனிக்கிழமைகூட லீவு கிடையாது. அம்மாவுக்கு முட்டி வலி, அவளைக் கூட்டிப் போனால் யார் யாருக்குத் துணை என்று டாக்டர் குழம்பிவிடுவார். நேற்று காப்பி எடுக்கப் போனபோது இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெராக்ஸ் அண்ணன் அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "புதன்கிழமை மதியம் வரைக்கும் கடையைச் சாத்திக்கிறேன், தங்கச்சி. வந்து என்ன செய்யணும்?" என்றார்.

ஒன்றும் செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.