மூன்றாவது துளைக்கு வயர் உண்டா?

தக்கலைக்கு அருகில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டில், இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், அம்மா ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு, "சுருக்குன்னு அடிக்குது மக்கா" என்றார். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு இது சிறிய விஷயம் அன்று. டெஸ்டரை ஃபிரிட்ஜின் உடலில் வைத்தேன், எரிந்தது. மெயினை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிளக் பாயிண்டைத் திறந்தேன். முகப்பில் துளைகள் மூன்று இருந்தன. உள்ளே வந்திருந்த வயர்களோ இரண்டே. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயரைக் கட்டவேண்டிய திருகு, கடையில் வாங்கிய நாளில் இருந்தபடியே பளபளவென்று இருந்தது.

1978-இல் வயரிங் செய்தபோது வீட்டில் விளக்கும் மின்விசிறியும் வானொலியும்தான் இருந்தன. இரண்டு துளை போதுமானதாக இருந்தது. பிறகு மூன்று முனைப் பிளக்குகள் வரவர, யாரோ ஒவ்வொன்றாக முகப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இதைத்தான் நான் மன்னிக்க முடியாத வேலை என்பேன். மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம், சொருகும்போது அது முதலில் தொட்டு, உருவும்போது கடைசியாக விடவேண்டும் என்பதே. அவ்வளவு யோசித்துச் செய்த முனையை வெறும் துளைக்குள் நுழைய விடுவது, வீட்டில் உள்ளவர்களை ஏமாற்றுவதாகும்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவரை அழைத்துவந்து, அவருடன் நின்று வேலையை முடித்தேன். துணி துவைக்கும் கல்லின் பக்கம், மண் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டு மூடினோம். அங்கிருந்து மெயின் போர்டுக்கு ஜி.ஐ. கம்பியும், போர்டிலிருந்து கீழ்த்தளத்தின் ஒவ்வொரு பாயிண்டுக்கும் எர்த்துக்கான பச்சை வயரும் சென்றன. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்ட மனம் வராததால் பி.வி.சி. பைப்பை வெளியிலேயே சாடில் அடித்து ஓட்டினோம். விளக்குச் சர்க்கியூட்டில் இருந்தவற்றை 6 ஆம்பியர் பாயிண்டுகளாகவே விட்டுவிட்டு, ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் இழுத்தோம்.

எர்த் குழி போட்டாயிற்று, மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் இருக்கிறது, இனிக் கவலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் குழியின் மின்தடையை அளந்தபோது 8 ஓம் வந்தது. 230 வோல்ட்டை 8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29 ஆம்பியர். சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழுவதற்குக் குறைந்தது 80 ஆம்பியர் ஓட வேண்டும். அதாவது, மின்சாரம் வரும் ஃபேஸ் வயர் ஃபிரிட்ஜின் உடலைத் தொட்டாலும் எம்.சி.பி. உடனே விழாது; அது சூடாகி விழும்வரை உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றுதான் இந்த இடைவெளியை அடைக்கும். அதற்கு ஆன செலவில் நான் பேரம் பேசவில்லை.

ஆர்.சி.சி.பி. மாட்டிய மாலையிலேயே, மின்விசிறியைப் போட்டதும் அது விழுந்தது. இரண்டு மணி நேரம் தேடிய பிறகு, கிணற்றடி மோட்டார் அறையில் காரணம் கிடைத்தது: மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரின் திருகிலிருந்து மோட்டார் உடலுக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு வயர் வளைத்துக் கட்டப்பட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் இறங்கிய இரும்புப் பைப்பே எர்த்தாகி, வீட்டின் நியூட்ரல் மின்சாரத்தில் ஒரு பங்கு அவ்வழியே போய்க்கொண்டிருந்தது. வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்களின் வழியே ஃபேஸ் வந்து மோட்டாரின் உடலில் ஏறியிருக்கும். அம்மா தினமும் ஈரக் கையுடன் அதைத் தொட்டுக்கொண்டுதான் நின்றார். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, மோட்டாருக்கும் பச்சை வயர் கொடுத்த பிறகு ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றது.

மாடியறையில் இரண்டு பாயிண்டுகளுக்கு இன்னும் பச்சை வயர் போய்ச் சேரவில்லை. அது போகும்வரை, அங்கிருந்த மூன்று துளை முகப்புகளைக் கழற்றிவிட்டுப் பழைய இரண்டு துளை முகப்புகளையே மாட்டி வைத்திருக்கிறேன்.