துடுப்பு சிறுத்த மீனும் பதில் சொல்லாத ஜூலியாவும்

மாற்றுத்திறன் கொண்ட சிறுவனோ சிறுமியோ திரையில் வந்தால், கடைசிக் காட்சியில் அக்குறை அதிசயமாக நீங்கிவிடும். இல்லையேல் அக்குழந்தை எல்லோரையும் அழவைத்துவிட்டு இறந்துபோகும். மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) மிகுந்த பரிவோடு எடுக்கப்பட்ட படம்தான். ஆயினும் அதில் வரும் சிறுமி அஞ்சலி பிழைத்திருக்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் அசைவூட்டப் படம் அவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. நீமோ என்னும் குட்டி மீனின் ஒரு துடுப்பு பிறவியிலேயே சிறியது. அதனாலேயே அவன் தந்தை மார்லின் அவனை எங்கும் தனியே விட அஞ்சுகிறார். பல் மருத்துவரின் கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட நீமோ அங்குள்ள குழாயொன்றில் சிக்கிக்கொள்ளும்போது, உதவ விரையும் மற்ற மீன்களைத் தடுத்துவிட்டு, எப்படி அசைந்தால் வெளியே வரலாம் என்று மட்டும் சொல்லித் தருகிறது கில் என்னும் மீன். தன் துடுப்பு சரியில்லை என்று நீமோ தயங்க, கில் மெல்லத் திரும்பிச் சிதைந்த தன் துடுப்பைக் காட்டுகிறது. பரிதாபம் துளியும் இல்லாத அந்த மரியாதையைக் குழந்தைகள் படமொன்றில் இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் கண்டதில்லை. படம் முடியும்வரை அந்தத் துடுப்பு வளர்வதில்லை, மாறுகிறவர் மார்லின்தான்.

'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' (2010) படத்தின் முடிவில் அதன் நாயகனான சிறுவன் ஹிக்கப் ஒரு காலை இழக்கிறான். அடுத்தடுத்த பாகங்களிலும் செயற்கைக் காலோடுதான் டிராகன்மீது பறக்கிறான்.

தொலைக்காட்சி இதில் முன்னதாகவே விழித்துக்கொண்டது. ஒரு தெருவைக் களமாகக் கொண்ட அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் தொடரில், காது கேளாதவரான நடிகை லிண்டா போவ் 1971 முதலே தோன்றி, அத்தெருவாசிகளுள் ஒருவராக, சைகை மொழியில் உரையாடிப் பல்லாண்டுகள் நடித்தார். அதே தெருவுக்கு 2017இல் ஆட்டிசம் உள்ள ஜூலியா என்னும் பொம்மைச் சிறுமி வந்தாள். ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கும் அவள் தன் வணக்கத்துக்குப் பதில் சொல்லாததால், அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று பிக் பேர்ட் என்னும் பெரிய பறவைப் பொம்மை வருந்துகிறது. அவளுடைய இயல்பு அது என்று மற்றவர்கள் நிதானமாக விளக்க, அவளுக்கேற்ப விளையாடப் பழகிக்கொள்கிறது. ஜூலியாவை இயக்கும் ஸ்டேசி கார்டன், ஆட்டிசம் உள்ள மகனின் தாய். திடீரென ஒலிக்கும் சைரனைக் கேட்டு ஜூலியா காதைப் பொத்திக்கொள்ளும் அசைவில், அந்த வீட்டின் அனுபவமும் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.